குப்பத்துச் சொல்லும் பல்கலைக்கழகப் பட்டமும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது. தென்கோடி தமிழ்நாட்டுக்கு உரியது. அத்தென்கோடியில், ஒருபுறம் ஏரியும் மறுபுறம் வங்கக் கடலும் இருக்க, நடுவே உள்ள மணல் திட்டில் மீனவர் ஊர்கள் சில இருக்கின்றன. அவற்றுள் ஒன்றன் பெயர் லைட்ஹவுஸ் குப்பம்.

அவ்வூரிலிருந்து வந்து இயற்பியல் இளம் அறிவியல் வகுப்பில் பயின்ற மாணவன் ஒருவன், ஒரு நாள் ஒலியியல் சோதனை முடிந்தபின் தயங்கித் தயங்கி என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "சார், எங்கள் ஊரில் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வலைக்கும் ஏகப்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் பல அகராதியில் இல்லை. எங்கள் பேச்சைக் கொச்சை என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் அப்பேச்சை ஆராய்வதற்கென்றே ஒரு படிப்பு உண்டாமே? இயற்பியல் படித்தவன் அதில் சேரலாமா?"

சேரலாம் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட்டேன். ஆயினும் அந்த விடை அவனுக்கு நிறைவளிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சேரலாம் என்பதற்கும், சேர்வது தகும் என்பதற்கும் வேறுபாடு உண்டு அல்லவா? அவனுக்கு அன்று சொல்லாமல் விட்டதை, அவனைப் போன்ற பிற மாணவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தால் இங்கே எழுதுகிறேன். மொழியியல் என்னும் அறிவியல் நம் நாட்டில் எவ்வாறு தோன்றியது, அது பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக வளர்ந்தது எப்படி, அதன் வாசல் யாருக்காகத் திறந்திருக்கிறது என்பவற்றை முறையாகக் காண்போம்.

ஒரு பெயருக்குள் ஒரு வரலாறு

முதலில் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். லைட்ஹவுஸ் என்பது ஆங்கிலம்; குப்பம் என்பது நம் சொல். வடதமிழ்நாட்டுக் கடற்கரையில் மீனவர் ஊர்கள் பலவும் குப்பம் என்றே முடிகின்றன. எப்பொழுது, யாரால், எதற்காக இவ்விரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டன என்பதைக் கரையில் நிற்கும் கலங்கரை விளக்கமே சொல்லிவிடுகிறது. ஆம், ஊர்ப் பெயர்கள் புதைபடிவங்களைப் போன்றவை. படிப்பவர் கண்ணுக்கு அவை காலத்தைக் காட்டும்.

பழவேற்காட்டுக்கு ஆங்கிலேயருக்கு முன்பே ஐரோப்பியர் வந்துவிட்டனர். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையை நிறுவினர். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுடைய வாணிகத்துக்கு இவ்வூரே தலைநகர். இங்கே அவர்கள் நாணயமும் அடித்தனர். 'துட்டு' என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அது டச்சுக்காரர்களின் செப்புக் காசின் பெயரான 'டாய்ட்' என்பதன் திரிபு. கோட்டை இடிந்து மண்மேடாகிவிட்டது. சொல் மட்டும் தமிழ்நாட்டுக் கடைத்தெருவெங்கும் புழங்குகிறது. வாங்கியது போலவே நாம் கொடுத்ததும் உண்டு. நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆகி உலகைச் சுற்றி வந்தது.

இதே ஊரில் 1632 முதல் 1642 வரை ஆபிரகாம் ரோஜர் என்னும் டச்சுப் பாதிரியார் வாழ்ந்தார். பத்மநாபன் என்ற அந்தணர் ஒருவரிடம் இந்நாட்டுச் சமயத்தையும் வழக்கங்களையும் கேட்டறிந்து அவர் எழுதிய நூல், அவர் இறந்தபின் 1651-இல் ஹாலந்தில் வெளிவந்தது. வடமொழிக் கவிஞர் பர்த்ருஹரியின் பாடல்களை அந்நூல் வழியாகவே ஐரோப்பா முதன்முதலில் அறிந்தது. இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி எது தெரியுமா? தமிழும் அன்று, டச்சும் அன்று, போர்த்துக்கீசியம்! அந்நாளில் நம் கடற்கரைத் துறைமுகங்களில் அதுவே வாணிகப் பொதுமொழி. சாவி, அலமாரி, சன்னல், மேசை என நம் வீட்டுக்குள் புகுந்துவிட்ட போர்த்துக்கீசியச் சொற்கள் அக்காலத்தின் சுவடுகளே.

இவ்வாறு பல மொழிகள் உரசும் இடத்தில்தான் மொழியைப் பற்றிய கேள்விகள் எழுகின்றன. பழவேற்காட்டில் தமிழும் தெலுங்கும் இன்றும் ஒன்றோடொன்று கலந்து புழங்குகின்றன. மொழியியல் என்னும் அறிவியலும் இத்தகைய எல்லைப்புறக் காது ஒன்றிலிருந்தே நம் நாட்டில் பிறந்தது.

நீதிபதியும் கலெக்டரும்

1786-ஆம் ஆண்டு கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் என்னும் நீதிபதி, ஆசியக் கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று அவர் கூறினார். ஒப்பியல் மொழி ஆராய்ச்சியின் தொடக்கமாக இவ்வுரையை உலகம் கொண்டாடுகிறது. ஆனால் இதனால் ஒரு தவறான எண்ணமும் பரவியது. இந்திய மொழிகள் அனைத்துமே சமஸ்கிருதத்தின் மக்கள் என்று அறிஞர் பலர் நம்பினர்.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் சென்னையின் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ். கம்பெனியின் இளம் அலுவலர்களுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிப்பதற்காக 1812-இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதனை உருவாக்கியவர்களுள் எல்லிஸ் முதன்மையானவர். பட்டாபிராம சாஸ்திரி முதலிய அக்கல்லூரி அறிஞர்களின் துணையோடு அவர் வேர்ச்சொற்களை வரிசைப்படுத்தினார். 1816-இல் கேம்பெல் என்பவர் வெளியிட்ட தெலுங்கு இலக்கணத்துக்கு முன்னுரைக் குறிப்பாகத் தம் முடிவை எழுதினார். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை ஒரே குடும்பத்தவை. சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்பதே அம்முடிவு. 1819-இல் எல்லிஸ் இராமநாதபுரத்தில் இறந்தார். 1856-இல் கால்டுவெல் தம் புகழ்பெற்ற ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, இக்குடும்பத்துக்குத் திராவிடக் குடும்பம் என்ற பெயரை நிலைநிறுத்தினார்.

எல்லிஸ் கையாண்ட முறையின் சுவையை நாமும் சற்றுப் பார்க்கலாம். மீனவர் வீட்டுப் பொருளான வலையையே எடுத்துக்கொள்வோம். தமிழில் வலை, மலையாளத்தில் வல, தெலுங்கில் வல. கன்னடத்தில் மட்டும் பலெ. (இந்தப் பகரத்தை 'தம்பி' என்னும் சொல்லில் ஒலிப்பது போல ஒலிக்க வேண்டும்.) இது தற்செயலா? மேலும் பாருங்கள். தமிழில் வில், கன்னடத்தில் பில்லு; தமிழில் வாய், கன்னடத்தில் பாய்; தமிழில் வேர், கன்னடத்தில் பேரு. எல்லாவற்றிலும் சொல் முதல் வகரம் பகரமாகிறது. இனி, தமிழ்ச் சொல்லில் உண்மையான பகரமே முதலில் நின்றால் என்ன ஆகும்? பால் என்பது ஹாலு. பல் என்பது ஹல்லு. புலி என்பது ஹுலி. பகரம் ஹகரமாகிறது!

ஒரு சொல் மற்றொன்றைப் போல இருப்பது வெறும் ஒற்றுமை. ஆனால் வரிசை வரிசையாக ஒரே வகையில் மாறுவது ஒழுங்கு. ஒழுங்கு இருக்கும் இடத்தில் விதி இருக்கிறது. விதி இருக்கும் இடத்தில் அறிவியல் இருக்கிறது. இயற்பியல் மாணவனுக்கு இதைவிடப் பழக்கமான செய்தி வேறு எது?

விடுபட்ட மாகாணம்

அடுத்து ஒரு பெரும் முயற்சியையும், அதில் நமக்கு நேர்ந்த ஓர் இழப்பையும் கூற வேண்டும். ஐ.சி.எஸ். அதிகாரியான ஜார்ஜ் கிரியர்சன், டப்ளின் நகர டிரினிட்டி கல்லூரியில் கணிதம் பயின்றவர். அவருடைய தலைமையில் 1894-இல் இந்திய மொழிகளின் அளவாய்வு தொடங்கியது. அதன் தொகுதிகள் 1903 முதல் 1928 வரை வெளிவந்தன. பைபிளில் வரும் ஊதாரி மகன் கதையை ஒவ்வொரு பகுதி மக்களையும் அவரவர் பேச்சில் சொல்லச் செய்து, மாதிரிகளைத் திரட்டினர். 179 மொழிகளையும் 544 கிளைமொழிகளையும் அந்த ஆய்வு பதிவு செய்தது.

ஆனால் சென்னை மாகாணம், ஐதராபாத், மைசூர் ஆகிய பகுதிகளில் இக்கள ஆய்வு நடைபெறவில்லை. தமிழும் தெலுங்கும் நான்காம் தொகுதியில் இடம் பெற்றன என்பது உண்மையே. எனினும் தென்கோடி முதல் பழவேற்காடு வரை உள்ள நம் கடற்கரைப் பேச்சுகளை ஊர் ஊராகச் சென்று கேட்டு எழுதும் வாய்ப்பு அன்று நழுவிப் போயிற்று.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924-க்கும் 1936-க்கும் இடையே ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அடங்கிய மாபெரும் பணி அது. என்றாலும் அகராதிகள் பெரும்பாலும் ஏட்டையும் நூலையும் பார்த்து எழுதப்படுகின்றன. படகிலேயே பிறந்து படகிலேயே வழங்கும் சொல் ஏட்டில் ஏறுவது அரிது. அகராதியில் இல்லை என்பதற்காக ஒரு சொல் கொச்சையாகிவிடாது. அகராதி எழுதியவர் அந்தக் கரைக்கு வரவில்லை என்பதே அதன் பொருள்.

தொல்காப்பியரே செய்யுளுக்குரிய சொற்களை நான்காகப் பிரிக்கும்போது, இயற்சொல், திரிசொல், வடசொல் ஆகியவற்றோடு திசைச்சொல்லையும் சேர்த்திருக்கிறார் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். வட்டாரச் சொல்லுக்கு இலக்கணம் வாயிலிலேயே இடம் கொடுத்திருக்கிறது.

பட்டப்படிப்பு பிறந்த கதை

ஜோன்ஸ் நீதிபதி, எல்லிஸ் கலெக்டர், கால்டுவெல் பாதிரியார், கிரியர்சன் ஆட்சி அலுவலர். இவர்களுள் எவரும் மொழியியலில் பட்டம் பெற்றவர் அல்லர். பட்டம் தருவதற்கு இந்தியாவில் அன்று துறையே இல்லை. இந்நிலை மாறியது 1907-இல். ஆசுதோஷ் முகர்ஜி துணைவேந்தராக இருந்தபோது கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஒப்பியல் மொழிநூலுக்கெனத் துறை தோன்றியது. பின்னர் அங்கே பேராசிரியராக விளங்கிய சுனிதி குமார் சட்டர்ஜி, வங்க மொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி 1926-இல் வெளியிட்ட நூல் இந்திய மொழியாராய்ச்சிக்கே வழிகாட்டியாயிற்று. 1928-இல் லாகூரில் இந்திய மொழியியல் கழகம் உருவாயிற்று.

ஆயினும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இப்படிப்பு ஒரு சிலருக்கே உரியதாக இருந்தது. வாசலை அகலத் திறந்தது புனே நகர டெக்கான் கல்லூரி. ராக்பெல்லர் அறநிறுவனத்தின் உதவியோடு 1954-இல் எஸ்.எம். காத்ரே தலைமையில் அங்கே ஒரு மொழித் திட்டம் தொடங்கியது. கோடை விடுமுறைப் பள்ளிகளும் குளிர்காலப் பள்ளிகளும் நடத்தப்பட்டன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இளம் ஆசிரியர்கள் வந்து, சில வாரங்கள் தங்கி, பேசுபவர் ஒருவரை எதிரே அமர்த்தி, அவர் சொல்வதைக் காதால் கேட்டு எழுதிப் பகுத்தாராயும் முறையைக் கற்றனர். ஏடு படிப்பதிலிருந்து பேச்சைக் கேட்பதற்குத் திரும்பிய திருப்பம் இது. அமெரிக்காவிலிருந்து வந்து இத்திட்டத்தில் பங்கு கொண்ட சார்லஸ் பெர்குசன், எழுத்துக்கு ஒரு வகை, பேச்சுக்கு ஒரு வகை என ஒரே மொழி இரட்டை வழக்காக வாழும் நிலையைப் பற்றி 1959-இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. தமிழர் யாருக்கும் அந்நிலையை விளக்க வேண்டியதே இல்லை!

இக்காலத்தில்தான் தமிழ்நாட்டிலும் மொழியியல் வேரூன்றியது. சிதம்பரத்தில் 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1950-களில் மொழியியலுக்கு இடம் அளித்தது. அதனை வளர்த்த தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் தமிழோடு சட்டமும் பயின்றவர். தமிழ் மொழியின் வரலாற்றைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலை 1965-இல் டெக்கான் கல்லூரி வெளியிட்டது. 1960-களில் பல்கலைக்கழக மானியக் குழு சிதம்பரம் துறையை மொழியியல் உயராய்வு மையமாக உயர்த்தியது. ச. அகத்தியலிங்கம் முதலிய பேராசிரியர்களின் காலத்தில் அங்கிருந்து மாணவர்கள் கையில் குறிப்பேட்டுடன் ஊர்களுக்கும் மலைகளுக்கும் புறப்பட்டனர். திருநெல்வேலி வட்டாரத் தமிழைப் பற்றிய ஆய்வு 1969-இல் வெளிவந்தது. நம் ஊர்த் தெருக்களில் ஊசி மணி விற்கும் நரிக்குறவர்கள் தமக்குள் பேசும் வாக்ரிபோலி, திராவிட மொழியன்று, வடநாட்டு ஆரியக் குடும்பத்தது என விளக்கிய நூல் 1970-இல் வந்தது. நீலகிரி இருளர் மொழி பற்றிய நூல்கள் 1970-களின் இறுதியில் வந்தன. பட்டத்துக்காக எழுதப்பட்ட ஆய்வேடுகள், அதுவரை எழுத்தையே காணாத பேச்சுகளுக்கு முதல் சான்றுகளாக ஆயின.

தமிழ்நாட்டுக்கு வெளியிலும் இதே ஊக்கம் பரவியது. வ.ஐ. சுப்பிரமணியம் 1963-இல் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையைத் தொடங்கினார். மலையாளக் கிளைமொழிகளை அளவாய்வு செய்து 1974-இல் முதல் நூலை வெளியிட்டார். 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் ஆனார். மைசூரில் 1969-ஆம் ஆண்டு ஜூலை 17-இல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் அமைந்தது. ஆந்திரத்தில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி செய்த வேலை நம் கதைக்கு மிகவும் நெருக்கமானது. ஊர் ஊராகக் கேட்டுத் திரட்டிய உழவுத் தொழிற்சொற்களை அவர் 1962-இல் ஒரு தெலுங்கு அகராதியாக வெளியிட்டார். கைத்தறி முதலிய பிற தொழில்களுக்கும் பின்னர் தொகுதிகள் வந்தன. தமிழில் கரிசல் காட்டுச் சொற்களுக்கு 1982-இல் கி. ராஜநாராயணன் தனியொரு மனிதராக ஓர் அகராதி செய்தார். அவர் எழுத்தாளர், எந்தப் பல்கலைக்கழகத்திலும் பட்டம் பெற்றவர் அல்லர்.

தீவில் ஒரு வேதியியலர்

"இவையெல்லாம் சரி, இயற்பியலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை கூற, மீனவர் வாழும் மற்றொரு கரைக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரைக்கு அப்பால் மார்த்தாவின் திராட்சைத் தோட்டம் என்று பொருள்படும் பெயருடைய ஒரு தீவு இருக்கிறது. கோடைக் காலத்தில் பணக்காரப் பயணிகள் வந்து குவியும் இடம். அங்கே 1960-களின் தொடக்கத்தில் வில்லியம் லபோவ் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் இறங்கினார். அவர் எழுதும் மை தயாரிக்கும் தொழிலில் பத்தாண்டுகளுக்கு மேல் வேதியியலராகப் பணிபுரிந்துவிட்டு, அதன்பின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலை மாணவராகச் சேர்ந்தவர்.

தீவில் பிறந்த 69 பேருடைய பேச்சை அவர் பதிவு செய்தார். 'ரைட்', 'ஹவுஸ்' போன்ற ஆங்கிலச் சொற்களில் வரும் கூட்டுயிர்களைத் தீவினர் நிலப்பகுதி மக்களிலிருந்து மாறுபட ஒலித்தனர். பழைய ஒலிப்பு காலப்போக்கில் மறைந்துவிடும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடந்தது வேறு. சில்மார்க் என்னும் ஊரின் மீனவர்களிடத்தில், அதுவும் 30 முதல் 45 வயது வரை உள்ளோரிடத்தில், அந்த ஒலிப்பு மிகுந்திருந்தது. தீவை விட்டுப் போக விரும்பியவர்களிடம் அது குறைந்திருந்தது. தீவிலேயே வாழ உறுதி கொண்டவர்களிடம் ஓங்கியிருந்தது. "இவ்வூர் எங்களுடையது" என்பதை அவர்கள் தம்மையறியாமலே உயிரொலியால் சொல்லிக்கொண்டிருந்தனர். 1963-இல் வெளிவந்த இக்கட்டுரையிலிருந்தே சமூக மொழியியல் புதுப்பிறவி எடுத்தது. 2024-இல் மறைந்த லபோவ், அத்துறையின் தந்தையாகப் போற்றப்படுகிறார்.

காதால் கேட்டதை அவர் கருவியாலும் சரிபார்த்தார். அக்கருவி 1940-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான ஒலி நிறமாலை வரைவி. பேச்சில் எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதை அது தாளில் வரைந்து காட்டும். இதன் அடிப்படையை நீங்கள் பள்ளியிலேயே படித்திருக்கிறீர்கள். ஒருபுறம் மூடி மறுபுறம் திறந்த காற்றுக்குழாயின் ஒத்ததிர்வு நினைவிருக்கிறதா? குரல்வளையிலிருந்து உதடு வரை நம் பேச்சுக்குழாயின் நீளம், வளர்ந்த ஆணுக்கு ஏறத்தாழ 17 செ.மீ. காற்றில் ஒலியின் வேகத்தை வினாடிக்கு 340 மீட்டர் என்று கொண்டால், முதல் ஒத்ததிர்வு அதிர்வெண் 340-ஐ நான்கு மடங்கு 0.17-ஆல் வகுத்தால் கிடைக்கும். விடை 500 ஹெர்ட்ஸ். அடுத்தவை அதன் மூன்று மடங்கும் ஐந்து மடங்கும், அதாவது 1500, 2500. நாவை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும், உதட்டைக் குவித்தாலும் விரித்தாலும் குழாயின் வடிவம் மாறுகிறது. இந்த எண்களும் மாறுகின்றன. அந்த மாற்றத்தையே நம் காது ஆ என்றும் ஈ என்றும் ஊ என்றும் கேட்கிறது.

மேலே வலை, பலெ என்று கண்டோமே, அங்கே வந்த பகரத்தையும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு 'பல்' என்று சொல்லுங்கள். பின்பு 'தம்பி' என்று சொல்லுங்கள். முதற்சொல்லில் உதடுகள் மூடியிருக்கும் நேரத்தில் குரல் நாண்கள் அதிர்வதில்லை, இரண்டாவதில் அதிர்கின்றன. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. ஒலிகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் ஆராய்வதற்குத் தொல்காப்பியர் பிறப்பியல் என்று ஓர் இயலையே ஒதுக்கியிருப்பதன் அருமை இப்பொழுது விளங்கும்.

அந்நாளில் ஒரு சில ஆய்வகங்களிலேயே இருந்த அக்கருவியின் வேலையை, இன்று வீட்டுக் கணினியே செய்துவிடுகிறது. அதற்கென உலகெங்கும் மொழியியலார் பயன்படுத்தும் இலவச மென்பொருளின் பெயர் 'பிராட்'. 'பேசு' என்று பொருள்படும் டச்சுச் சொல் அது; உருவான இடம் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம். துட்டைக் கொடுத்தவர்கள் இதனையும் கொடுத்திருக்கிறார்கள்!

இன்று திறந்திருக்கும் வாசல்கள்

இனி நடைமுறைச் செய்திகளுக்கு வருவோம். மொழியியல் முதுகலைப் பட்டம் பொதுவாக இரண்டு ஆண்டுப் படிப்பு. ஒலியியல், ஒலியனியல், சொல்லமைப்பை ஆராயும் உருபனியல், தொடரியல், பொருண்மையியல், வரலாற்று மொழியியல் ஆகியவை அடிப்படைப் பாடங்கள். அவற்றின்மேல் சமூக மொழியியல், கணினி மொழியியல், மொழி கற்பித்தல், அகராதியியல், கள ஆய்வு முதலியவற்றில் ஒன்றையோ சிலவற்றையோ பயிலலாம். பல பல்கலைக்கழகங்களில், எப்பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். தமிழ் இலக்கியம் படித்தவருக்கு இலக்கணப் பயிற்சி துணை செய்யும். கணிதமோ இயற்பியலோ படித்தவருக்கு அளவீடும் விதிமுறைச் சிந்தனையும் துணை செய்யும்.

தமிழ்நாட்டில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் மொழியியலுக்குத் துறைகள் உள்ளன. அண்டை மாநிலங்களில் கேரளப் பல்கலைக்கழகமும், ஐதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழகமும் ஐதராபாத் பல்கலைக்கழகமும் குறிப்பிடத்தக்கவை. புனே டெக்கான் கல்லூரி, கல்கத்தா, டில்லி, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகங்கள் ஆகியவை வடபுலத்து மையங்கள். இலங்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் களனிப் பல்கலைக்கழகமும் மொழியியல் கற்பிக்கின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு நாடு தழுவிய பொது நுழைவுத் தேர்வு உண்டு. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

முதுகலைக்குப் பின் 'நெட்' தேர்வில் மொழியியலையே பாடமாக எடுத்து எழுதி ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெறலாம். முன்பு இருந்த எம்.ஃபில். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இன் விதிகளால் நிறுத்திவிட்டது. ஆகவே இப்பொழுது முதுகலையிலிருந்து நேரே பிஎச்.டி.க்குச் செல்வதே வழி. கணினிக்குத் தமிழ் கற்பிக்கும் வேலை, பேச்சுக் குறைபாடுகளை ஆராய்தல், அகராதிப் பணி, மொழிபெயர்ப்பு, ஆசிரியப் பணி எனப் பிழைப்புக்கும் வழிகள் உண்டு. பொறியியலைப் போல் வேலை வரிசையில் நின்று காத்திருக்கும் என்று நான் கூறமாட்டேன். அப்படிக் கூறினால் அது பொய்யாகும். இத்துறைக்கு வருபவர் ஏதேனும் ஒரு கேள்வியோடு வர வேண்டும்.

'பாடு' என்றொரு சொல்

அத்தகைய கேள்வி ஒன்று லைட்ஹவுஸ் குப்பத்தைச் சூழ்ந்த ஏரியிலேயே மிதந்து கொண்டிருக்கிறது. பழவேற்காட்டு ஏரியில் இறாலுக்கு வலையிடும் இடங்களைத் தலைமுறை தலைமுறையாக முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு உண்டு. யார், எந்நாளில், எவ்விடத்தில் வலையிடலாம் என்பதை அது வரையறுக்கிறது. அதன் பெயர் 'பாடு'. இதே சொல் கேரளத்தில் கொச்சிக் காயலில் வலை கட்டும் உரிமைக்கு வழங்குகிறது. இலங்கையில் கரைவலை இழுக்கும் இடத்துக்கும் பாடு என்றே பெயர். பாடுபடுதல் என்னும்போது உழைப்பு. மீன்பாடு என்னும்போது கிடைத்த மீன். அவன் பாடு என்னும்போது அவனுக்கு உரிய பங்கு. இவற்றுள் எது மூலம், எது கிளை? மூன்று கரைகளுக்கும் பொதுவான இச்சொல், வலையோடு சேர்ந்து பயணம் செய்ததா, அல்லது மூன்று இடத்திலும் தனித்தனியே இப்பொருளைப் பெற்றதா?

காற்றின் பெயர்களும் அவ்வாறே. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று இலக்கியம் நான்கு பெயர்களைத் தருகிறது. ஆனால் யாழ்ப்பாணத்து மீனவர் கச்சான் என்றும் சோழகம் என்றும் சொல்வர். ஒவ்வொரு கரையிலும் எது எந்தத் திசையை, எந்த மாதத்தை, எந்த மீன் வரவைக் குறிக்கிறது என்று வரைபடமாகப் போட்டால், அது மொழி வரைபடம் மட்டுமா? கடலறிவின் வரைபடமும் அதுவே.

இங்கே ஒரு நெருக்கடியும் இருக்கிறது. அழியும் மொழிகளைப் பதிவு செய்ய 2013-இல் மைய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. பத்தாயிரம் பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகளுக்கானது அது. தமிழைக் கோடிக்கணக்கானோர் பேசுகின்றனர். ஆகையால் குப்பத்துத் தமிழ் எவ்வளவு குன்றினாலும் அத்தகைய பட்டியல் எதிலும் ஏறாது. பெரிய மொழியின் நிழலில் சிறிய வழக்கு ஓசையின்றி மறையும். இயந்திரப் படகு வந்தால் பாய்மரத்தோடு சேர்ந்த சொற்கள் போகும். ஏரி தூர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் நீரோட்டத்தின் பெயர்கள் போகும். பிள்ளைகள் படித்து நகரத்துக்குச் சென்றால், அதுவும் தம் பேச்சுக்கு வெட்கப்பட்டுச் சென்றால், மீதியும் போகும். சொல்லோடு அச்சொல் காத்து வைத்த அறிவும் போகும் என்பதே கவலை.

வெளியிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்து இப்பணியைச் செய்யலாம். ஆனால் அவர் கேட்கத் தெரியாத கேள்விகள் பல உண்டு. விடியற்காலையில் தந்தை கரையில் நின்று நீரின் நிறத்தைப் பார்த்து ஒற்றைச் சொல் சொல்கிறாரே, அதைக் கேட்டு வளர்ந்த காது வெளியாருக்கு வாய்க்காது. அக்காதோடு ஒரு பயிற்சியும் சேர்ந்தால் அதற்கு ஈடு இணை இல்லை. அந்தப் பயிற்சியைத் தருவதற்கே பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டுப் படிப்பு இருக்கிறது.

ஆகவே, என் மாணவனுக்கும் உங்களுக்கும் ஒரு சிறு வேலை. பட்டம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு குறிப்பேடு வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு சொல் எழுதுங்கள். யார் சொன்னார், அவருக்கு என்ன வயது, எந்த ஊர், எந்தச் சூழலில் சொன்னார், அதை வைத்து அவர் பேசிய முழு வாக்கியம் என்ன என்பவற்றைக் குறியுங்கள். திருத்தாதீர்கள்; கேட்டபடியே எழுதுங்கள். கைபேசியில் ஒலியையும் பதிவு செய்யுங்கள். முன்னதாக அவரிடம் சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள். நூறு பக்கங்கள் நிறையும்போது மொழியியல் உங்களுக்குத் தகுமா என்ற ஐயம் தானே தீர்ந்துவிடும். கிரியர்சனின் பெரும் ஆய்வு வந்து சேராத கரைக்கு, நூறாண்டு கழித்தேனும் ஓர் ஆய்வாளர் வரட்டும். அவர் அக்கரையிலேயே பிறந்தவராக இருந்தால் இன்னும் நன்று.